பழைய வரலாற்று நூல்களின் முகப்போவியங்கள்

நூலைக் கையிலெடுத்ததும் முகப்பேட்டைப் புரட்டித் தள்ளிவிட்டு முதல் இயலுக்குள் புகுந்துவிடுவது படிப்பாளர் பலர்க்கும் வழக்கமாகிவிட்டது. இக்காலத்து நூல்களைப் பொறுத்தவரை அதனால் பெரிய இழப்பொன்றும் நேராது. மேலட்டையில் ஏதேனும் ஒரு வண்ணப்படம், உள்ளே பெயர், விலை, பதிப்பாளர் முகவரி, அவ்வளவே. ஆயின், ஐரோப்பிய நாடுகளில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வெளிவந்த பெரிய வரலாற்று நூல்களை இங்ஙனம் படிப்பவர், வீட்டுக்குரியவன் வாயிலில் நின்று சொன்ன சொல்லைக் காதில் வாங்காமலே உள்ளே நுழைந்தவராவர். நூலாசிரியன் எவரைத் தலைவராகக் கொண்டான், எவரைக் காலடியில் இட்டான், எவரை மூலையில் நிறுத்தினான், எவரை அறவே விட்டுவிட்டான் என்பனவெல்லாம் அவ்வாயிலிலேயே ஓவியமாகத் தீட்டி வைக்கப்பட்டுள்ளன. ஆயிரம் பக்கங்களில் மறைத்து வைத்ததை அவ்வொரு பக்கம் காட்டிக் கொடுத்துவிடுவதும் உண்டு.

அவ்வோவியங்கள் அச்சிடப்பட்ட முறையை முதற்கண் அறிதல் வேண்டும். அச்செழுத்து மேடாக இருப்பது. அதன் முகட்டில் மை தடவித் தாளை அழுத்துவர். செப்புத்தகட்டுச் செதுக்கோவியமோ இதற்கு நேர்மாறானது. தகட்டில் கூருளியால் கீறிய பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை அதன்மேலிட்டு உருளைகளுக்கிடையே செலுத்தி இறுக்கியெடுப்பர். இரண்டுக்கும் பொறி வேறு, ஆள் வேறு, கூலி வேறு. ஆகலின் செதுக்கோவிய முகப்பு என்பது போகிற போக்கில் சேர்த்துக்கொண்ட ஒட்டன்று. பொருள் செலவிட்டு, நாள் செலவிட்டு, எண்ணித் துணிந்து செய்த வேலை. உருவங்களுக்குப் பொருள் கூறும் அகரவரிசை நூல்களும் அக்காலத்தில் இருந்தன. இத்தாலியராகிய சேசரே இரீப்பா 1593-இல் வெளியிட்டு, 1603-இல் படங்களோடு விரித்த நூல் அவற்றுள் பெயர் பெற்றது. உண்மை என்றால் ஆடையில்லாப் பெண், கையில் ஞாயிறு. வரலாறு என்றால் சிறகுடைய பெண், காலமாகிய கிழவனின் முதுகில் ஏட்டை வைத்து, பின்னோக்கிப் பார்த்தபடியே எழுதுபவள். இவ்வாறு ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் உருவை அந்நூல் வகுத்துக் கொடுத்தது. அற்றைப் படிப்பாளர்க்கு இவ்வுருவங்கள் எழுத்தைப் போலவே படிக்கத்தக்கனவாக இருந்தன. இன்று நமக்குத்தான் அவை வெறும் பொம்மைகளாய்த் தோன்றுகின்றன.

இவ்வகை முகப்புகளுள் தலையாயதாக ஒன்றைச் சொல்ல வேண்டுமாயின், வால்ட்டர் இராலி எழுதிய உலக வரலாற்றின் முகப்பையே சொல்லவேண்டும். 1614-இல் இலண்டனில் வால்ட்டர் பர் என்னும் நூல் வணிகருக்காக அச்சானது அது. செதுக்கியவர் இரெனால்டு எல்சுத்திராக்கு. நூலாசிரியர் பெயர் மட்டும் அவ்வேட்டில் யாண்டும் இல்லை. இல்லாமைக்குக் கரணியம் உண்டு. 1603-இல் அரசுக்கு இரண்டகம் செய்தார் என்று இராலி குற்றஞ்சாட்டப்பட்டுச் சாவொறுப்பு விதிக்கப்பெற்றார். ஒறுப்பு நிறைவேற்றப்படவில்லை, நீக்கப்படவும் இல்லை. இலண்டன் கோட்டைச் சிறையில் 1616 வரை கிடந்தார். அந்நாட்டுச் சட்டப்படி அத்தகையவன் உயிரோடிருந்தும் இறந்தவனே. உடைமை அவனதன்று, பெயரும் அவனதன்று. அந்நிலையில் இருந்த ஒருவர் உலகம் தோன்றியது முதல் உரோமர் மக்கதோனியாவை வென்றது வரையிலான வரலாற்றை ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதினார்.

இனி முகப்பைக் காண்க. நடுவே ஒரு பெண் நிமிர்ந்து நிற்கிறாள். அவளே வரலாறு. இரு கைகளையும் உயர்த்தி உலகவுருண்டையைத் தாங்குகிறாள். இரீப்பா வகுத்தபடி இவள் எழுதிக்கொண்டிருக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. இவள் கையில் எழுதுகோலில்லை; உலகமே இருக்கிறது. காலடியில் இருவர் கிடக்கின்றனர். ஒருவன் எலும்புருவாகிய சாவு. மற்றொருவர் உறங்கிக் கிடக்கும் மறதி. இருவரையும் மிதித்துக்கொண்டுதான் அவள் நிற்கிறாள். சட்டத்தின்முன் செத்தவனாகிய ஒருவன், பெயரழிக்கப்பட்ட ஒருவன், தன் நூலின் வாயிலில் சாவையும் மறதியையும் மிதிபட வைத்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்வோவியம் வெறும் அணியென்று கூற எவர்க்கும் நா எழாது.

வரலாற்றின் இரு பக்கங்களிலும் இருவர் நிற்கின்றனர். ஒருத்தி பட்டறிவு, முதியவள், அளவுகோலும் தூக்குநூலும் கொண்டவள். நேர்மையை அளப்பது கோல். ஆழத்தை அறிவது நூல். கொத்தர் சுவர் எழுப்புகையில் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதைக் கண்டவர்க்கு இவ்வுருவின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. மற்றொருத்தி உண்மை, இளையவள், உடையேதுமின்றி ஒளி சூழ நிற்பவள். பட்டறிவுக்கு ஆடையும் அளவுகருவியும் தந்த ஓவியர், உண்மைக்கு ஒன்றுமே தரவில்லை. தன் வலிமையே அவளுக்கு வலிமை. உலகவுருண்டையின் இரு மருங்கிலும் ஊதுகொம்புகளோடு இரு புகழ்கள். ஒன்று நற்புகழ், மாசற்ற மேனி. மற்றொன்று தீப்புகழ், உடலெங்கும் புள்ளிகள். உருண்டைக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் உச்சியில், இறைவனின் விழி ஒன்று திறந்திருக்கிறது.

இக்கட்டடத்தைத் தாங்கும் தூண்கள் நான்கு. உரோமச் சொல்லாளர் சிசரோ கி.மு. 55-இல் எழுதிய நூலில் வரலாற்றுக்கு ஐந்து பெயர்கள் தந்தார். காலத்தின் சான்று, உண்மையின் ஒளி, நினைவின் உயிர், வாழ்வின் ஆசிரியை, பழமையின் தூது என்பன அவை. நான்கு பெயர்கள் நான்கு தூண்களுக்கு ஆயின; வாழ்வின் ஆசிரியை என்னும் ஐந்தாவது பெயர் நடுவே நிற்பவளுக்கு ஆயிற்று. சான்றாகிய தூணில் நூல்கள்; தூதாகிய தூணில் பழங்குறிகள்; ஒளியாகிய தூணில் தீக்கொழுந்துகள்; உயிராகிய தூணில் தழைகள். ஒருவர் சொன்ன ஒரே தொடரை எடுத்துக்கொண்டு ஒரு மண்டபமே கட்டிவிட்ட திறம் இது. நம்மூர்ப் புலவர் சிலர் ஓர் அடிக்கு ஒன்பது உரை எழுதிவிட்டு அயர்ந்து போவதுண்டு. அத்தகையோர் இவ்வேட்டை ஒருமுறை பார்ப்பது நன்று.

இவையெல்லாம் செதுக்குபவரின் கைப்பழக்கமேயன்றி நூலாசிரியர் கருத்தல்ல என்பார் சிலர். பல முகப்புகளுக்கு அது பொருந்தக்கூடும். நூல் வணிகர் பழைய தகட்டைத் தேய்த்துப் பெயரை மட்டும் மாற்றி வேறொரு நூலுக்குப் பயன்படுத்தியதும் உண்டு. இந்நூலுக்கு அக்கூற்று பொருந்தாது. முகப்பின் எதிர்ப்பக்கத்தில், ஒவ்வோர் உருவின் பொருளையும் விளக்கும் பா ஒன்று அச்சாகியிருந்தது. பெயரிடப்படாத அப்பாவைப் பாடியவர் பென் சான்சன். இராலியின் மகனுக்கு ஆசிரியராக இருந்தவர் அவர். நல்லவர் தம் உரிமையை இழக்கலாகாது, பெரியோரும் தப்பிவிடலாகாது, அதற்காகவே அவ்விழி திறந்திருக்கிறது என்பது அப்பாவில் அவர் தரும் விளக்கத்தின் கருத்து. பெரியோர் என்றது எவரையென்று அற்றை இலண்டனில் எவரும் கேட்டிருக்க மாட்டார்.

அரியணையில் அப்போதிருந்தவர் முதலாம் சேம்சு. அரசன் கடவுளுக்கன்றி வேறெவர்க்கும் கணக்குக் காட்ட வேண்டியவனல்லன் என்று 1598-இலேயே நூல் எழுதியவர். இராலியின் முகப்பிலோ அரசனுரு இல்லை; மணிமுடி இல்லை; செங்கோல் இல்லை. வரலாறு இருக்கிறது, அவளுக்கு மேல் விழி இருக்கிறது, இடையில் எவருமில்லை. உள்ளே முன்னுரையில், முன்னிருந்த ஆங்கில அரசர் செய்த கொடுமைகளை ஒவ்வொருவராக எடுத்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் வழித்தோன்றல்கள் பட்ட பாட்டையும் காட்டிச் செல்கிறார் இராலி. எட்டாம் என்றியின்மேல் அவர் கூறியது மிகக் கடுமையானது. 1614 திசம்பரில் தலைமைப் பேராயரின் ஆணையால் அந்நூற்படிகள் கைப்பற்றப்பட்டன. மன்னரைக் குறைகூறுவதில் வரம்பு கடந்துவிட்டது என்று அரசர் சினந்ததாக அற்றை மடல் ஒன்று தெரிவிக்கிறது. ஆயினும் நூல் அழியவில்லை, மீண்டும் விற்பனைக்கு வந்தது, பலமுறை அச்சேறியது. இராலிதான் அழிந்தார். 1616-இல் விடுபட்டுப் பொன் தேடிக் கயானாவுக்குச் சென்று, வெறுங்கையோடு திரும்பி, 15 ஆண்டுக்கு முந்தைய அதே ஒறுப்பின்படி 1618 அக்தோபர் 29-இல் தலை வெட்டப்பட்டார்.

இவ்வாறு கூறுவதால் இராலியைத் தூயவர் என்று கொள்ளவேண்டியதில்லை. 1580-இல் அயர்லாந்தின் சுமெர்விக்கு என்னுமிடத்தில், சரணடைந்தவர்களை வெட்டிக் கொன்ற ஆங்கிலப் படைத்தலைவர்களுள் அவரும் ஒருவர். அயர்லாந்து மண்ணில் பறித்த நிலத்துக்கு உரியவராகவும் இருந்தார். அவருடைய முகப்பில் திறந்திருக்கும் விழி அவரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஓவியம் எழுதுவித்தவனைவிட ஓவியம் பெரிதாயிருத்தல் புதுமையன்று.

இராலிக்குச் சற்று முன்னே இரு முகப்புகள் இலண்டனில் வந்தன. அவற்றையும் ஈண்டுச் சுட்டலாம். சான் சுபீடு 1611-இல் பெரிய பிரித்தானியாவின் நிலப்படத் தொகுதியையும் வரலாற்றையும் வெளியிட்டார். தொகுதியின் முகப்பில் ஐவர் நிற்கின்றனர். உரோமன், சாக்சன், தேனியன், நார்மன் ஆகிய நால்வர் வந்து வென்றவர்கள். அவர்களுக்கெல்லாம் மேலே, நடுவிடத்தில், மேனியில் கோலங்கள் தீட்டிய பழைய பிரித்தன் நிற்கிறான். தோற்றவன் மேலிடத்தில், வென்றவர் அவனைச் சூழ. அடுத்த ஆண்டில், மைக்கேல் திரெய்ட்டன் தம் நாட்டின் ஆறுகளையும் மலைகளையும் பாடிய பெரும்பாட்டு நூலுக்கு வில்லியம் ஓல் செதுக்கிய முகப்பு இன்னும் சிறந்தது. அதில் நாடே ஒரு பெண். அவள் போர்த்திய மேலாடையே நிலப்படம். ஆறும் குன்றும் ஊரும் அவ்வாடையில் நெய்யப்பட்டுள்ளன. செங்கோல் அவள் கையில். புரூட்டு, சீசர், எங்கித்து, நார்மன் வில்லியம் ஆகிய நால்வரும் மூலைக்கொருவராகச் சிற்றுருவில் ஒதுங்கி நிற்கின்றனர். அரசர் வருவர், போவர். நிலம் நிற்கும் என்பதை இதனினும் தெளிவாக எவரும் வரைந்ததில்லை. நிலத்தைத் தாயென்று மேடைதோறும் முழங்குவோர், அவள் ஆடையில் எத்தனை ஆறுகளின் பெயரைத் தம்மால் எழுதிக்காட்ட முடியும் என எண்ணிப் பார்க்கலாம்.

இதே முகப்புக்கலை மற்றொரு வேலையையும் செய்தது. நிலநூல் வரலாற்றின் கண் என்ற கொள்கையுடையவர் ஆண்டுவெர்ப்பு நகரத்து ஓர்த்தெலியசு. அவர் 1570-இல் வெளியிட்ட உலக நிலப்படத் தொகுதியின் முகப்பில், மாடத்தின் உச்சியில் ஐரோப்பா மணிமுடி சூடி அரியணையில் அமர்ந்திருக்கிறாள். அவளுக்குக் கீழே, ஒரு புறம் நறும்புகைக் கலமேந்திய ஆசியா. மறுபுறம் ஞாயிறு தலையைச் சூழ்ந்தெரிய அரையாடையோடு ஆப்பிரிக்கா. தரையில் ஆடையின்றிச் சாய்ந்து கிடக்கிறாள் அமெரிக்கா. கையில் தடியும் வெட்டுண்ட தலையும். கொள்ளைக்குச் சென்றவன் கொள்ளை கொடுத்தவளைக் கொலைகாரியாக எழுதிவிட்டான். அந்தத் தலை எவருடையது என்று காட்டிய ஓவியம், அமெரிக்க நாடுகளில் விழுந்த தலைகளில் ஒன்றையும் காட்டவில்லை. ஆசியாவின் கையிலுள்ள நறும்புகை, அவளிடம் வாங்கச் சென்ற பண்டமேயன்றி அவள் அறிவன்று. இராலியின் முகப்பில் மேலிருந்தது விழி. ஓர்த்தெலியசின் முகப்பில் மேலிருப்பது ஒரு கண்டம். அவ்வளவில் எல்லாம் மாறிவிடுகிறது.

நிலப்படத்தின் மூலையோவியம் நூல்முகப்பின் உடன்பிறப்பு. வரைபவர் ஒருவரே, உருவங்களும் ஒன்றே. அவ்வகையில், தமிழ்நிலத்தின் பெயர் ஏறிய ஓவியம் ஒன்று உண்டு. ஆங்கில வணிகக் குழுவின் கீழ் வங்கத்தில் தலைமை நில அளவராக இருந்த சேம்சு இரென்னல் 1782-இல் 'இந்துத்தான்' என்னும் நிலப்படத்தை வெளியிட்டார். அதன் மூலையில் பிரித்தானியா என்னும் பெண்ணுரு இருக்கிறது. அவள்முன் பார்ப்பனப் பண்டிதர் நின்று தம் சாத்திர ஏடுகளைக் கொடுக்கின்றனர். அவள் அவற்றைத் தன் காப்பில் வாங்கிக்கொள்கிறாள். வங்கத்து மக்களின் வழக்கங்களுக்கு இடமளித்து ஆங்கில நாடாளுமன்றம் 1781-இல் செய்த சட்டத்தை இது குறிக்கும் என்று, நிலப்படத்துக்குத் தாம் எழுதிய விளக்கநூலில் இரென்னலே கூறுகிறார். அருகே ஒரு கற்பீடம். ஆங்கிலேயர் இந்நாட்டில் பெற்ற வெற்றிகளின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு சிப்பாய் தன் தோழனுக்கு அவற்றுள் இரண்டை விரல்நீட்டிக் காட்டுகிறான்.

அவ்விரண்டும் எவை? பரங்கிப்பேட்டையும் சோளிங்கரும். 1781 சூலை முதல் நாளிலும் செப்டம்பர் 27-இலும் அயர் கூட் என்னும் படைத்தலைவர் ஐதர் அலியை வென்ற களங்கள். ஐதரின் படையும் ஆங்கிலப் படையும் மாறி மாறி மிதித்ததில் அந்நாளில் தமிழ்நிலத்து ஊர்கள் பாழாயின, உழவு அழிந்தது, மக்கள் ஊரைவிட்டு ஓடினர். அவற்றுக்கு ஓவியத்தில் இடமில்லை. வெள்ளாறு கடலில் கலக்கும் ஊர் அங்கே ஒரு வெற்றிச்சொல்லாக மட்டும் நிற்கிறது. அதைச் சுட்டிக் காட்டும் விரலும் இந்நாட்டான் விரலே.

ஏட்டைக் கொடுக்கும் இடத்துக்கு வருவோம். அந்த ஓவியம் வெளிவந்தபோது, தமிழ் அச்சேறி 204 ஆண்டுகள் ஆகியிருந்தன. கொல்லத்தில் தமிழ் நூல் அச்சானது 1578-இல். தரங்கம்பாடி அச்சகம் 1710-களிலேயே தமிழெழுத்தில் நூல் வெளியிட்டுக்கொண்டிருந்தது. ஆயினும் இப்பரந்த நிலம் முழுமைக்கும் அறிவென்று எழுதப்பட்டது வடமொழிச் சாத்திரம் ஒன்றே. கொடுப்பவர் ஒரு வகுப்பார் மட்டுமே. இரென்னல் வங்கத்தில் பணியாற்றியவர். அங்கே கண்டதை வரைவித்தார். அவர்மேல் மட்டும் குற்றஞ்சாட்டுவது நயனன்று. ஆனால் தமக்குத் தெரிந்த ஒரு மூலையை முழுநாடென்று வரைந்தது பிழையே. அப்பிழை ஓவியத்தோடு நின்றுவிடவில்லை. தமிழ் முதலிய தென்மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தனவல்ல என்று சென்னையிலிருந்த எல்லிசு 1816-இல் எழுதிக்காட்டும் வரை, ஆங்கில அறிஞர் பெரும்பாலார் அவ்வோவியத்தில் கண்டபடியே எண்ணி வந்தனர். அதன் பின்னும் அங்ஙனமே எண்ணியவர் பலர்.

இத்தகைய முகப்பேடுகளை நூலிலிருந்து பிரித்துச் சேர்க்கும் பழக்கம் ஐரோப்பாவில் நெடுநாள் இருந்தது. 1716-இல் இறந்த சான் பாகுபோர்டு என்பவர் ஆயிரக்கணக்கில் முகப்பேடுகளைத் திரட்டினார். நல்ல நூல்களைச் சிதைத்தார் என்று அவரைத் தூற்றுவோரும், இல்லை, குப்பைக்குப் போகவிருந்தவற்றைக் காத்தார் என்போரும் உளர். அவர் திரட்டியவை பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. இன்றோ எவரும் கத்தரிக்கோல் எடுக்க வேண்டியதில்லை. மறுபதிப்பு இடுவோரும் மொழிபெயர்ப்போரும் முகப்பை விட்டுவிட்டாலே போதும், பழைய நூல் வாயிலின்றி நிற்கும். அங்ஙனம் விடாமல், முகப்பை முழு அளவில் இட்டு, உருவங்களுக்கு ஒரு பக்கம் தமிழில் விளக்கம் எழுதுவது பெருஞ்செலவன்று.

பள்ளியிலும் இதற்கு இடம் வேண்டும். இரென்னலின் நிலப்படத்தை வகுப்பில் விரிக்கும் வரலாற்றாசிரியர், ஆறும் மலையும் காட்டி முடித்தபின், மூலையிலுள்ள ஓவியத்தையும் காட்டுக. கல்லில் எழுதியிருப்பது என்ன, ஏடு எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போகிறது, விரல் நீட்டுபவன் எந்நாட்டான் என்று மாணவரையே கேட்க. பரங்கிப்பேட்டைக் கரையில் மீன் இறங்குவதைப் பார்த்திருக்கும் கடலூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருவனாவது அவ்வகுப்பில் இருப்பான். அவன் கையை உயர்த்தட்டும்.